சேர்க்கையால் வரும் நிறம்

கல்லூரி விழா மலர்களில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்வர். மறைந்த ஆசிரியர்களை நினைந்து உருகுதல் ஒன்று. வருங்காலத்தை வாழ்த்தி விடைபெறுதல் மற்றொன்று. இரண்டும் வேண்டுவனவே. ஆயினும் பழைய மாணவன் ஒருவன் தன் கல்லூரிக்குச் செய்யத்தக்க மூன்றாவது பணியொன்றும் உண்டு. இனி நடக்க வேண்டியது யாது என்பது பற்றித் தன் கருத்தை ஒளியாது சொல்லுதலே அது. அதனையே இங்குச் செய்ய முற்படுகிறேன்.

என் கருத்து இதுதான். விழாவின் பெயரால் திரட்டப்பெறும் பொருளின் முதற் பங்கு இரசாயன ஆய்வுகூடத்துக்குச் செல்லுதல் வேண்டும். அந்த ஆய்வுகூடத்திலும், பரீட்சைக்காக மனனஞ் செய்யப்பட்டுப் பரீட்சை முடிந்த மறுநாளே மறக்கப்படும் இணைப்பு இரசாயனம் என்னும் பகுதி, கண்ணாற் கண்டு கையாற் செய்து கற்கப்படுதல் வேண்டும். இதைக் கேட்ட நண்பர் சிலர், “ஓர் உலோக அயனைச் சுற்றி எத்தனை மூலக்கூறுகள் நிற்கின்றன என எண்ணிக் கொண்டிருப்பதால் கண்டி நகரத்துக் கடைக்காரர் மகனுக்கும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் ஆகப்போவது என்ன?” என்று வினவினர். நியாயமான வினாவே. அதற்கு விடை காண வேண்டின், நம் காலடியில் கிடக்கும் தேயிலை மண்ணிலிருந்து புறப்பட்டு, உலகிலுள்ள அமிலங்களுள் மிக வலியவை வரை ஒருமுறை சென்று மீளுதல் வேண்டும்.

முதலில் நாம் எல்லோரும் அறிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். மயில்துத்தம் என நாட்டு வைத்தியர் வழங்கும் செப்புச் சல்பேற்று அழகிய நீலநிறமுடையது. அதனைச் சோதனைக் குழாயிலிட்டுச் சூடாக்கினால் நீராவி வெளியேற, எஞ்சுவது வெண்ணிறத் தூள். அத்தூளின்மீது ஒரு துளி நீர் விட்டால் நீலம் மீண்டும் தோன்றுகிறது. அக்கரைசலில் அமோனியாவை நிறைய விட்டால், நீலம் செறிந்து ஆழ்கடலின் நிறத்தை அடைகிறது. செம்பு அயன் மாறவில்லை. அதனைச் சூழ்ந்து நின்றோர் மாறினர். நீலம் செம்புக்கு மட்டும் உரியதன்று; செம்பும் நீரும் சேர்ந்த சேர்க்கைக்கு உரியது. பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்னும் நம்மவர் பழமொழியின் உண்மையை மாணவன் ஒரு சோதனைக் குழாயிற் காணலாம்.

இவ்வாறு உலோகக் கற்றயனைச் சூழ்ந்து நின்று தம்மிடமுள்ள இலத்திரன் சோடியை அதற்கு ஈயும் மூலக்கூறுகளை இணையிகள் என்கிறோம். அவை தாறுமாறாக மொய்ப்பதில்லை. எண்ணும் வடிவும் ஒழுங்கும் உடையனவாய் நிற்கின்றன என்பதை 1893ஆம் ஆண்டில் அல்பிரட்டு வேர்ணர் என்னும் இளைஞர் எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அவர் கூற்றைப் பலர் ஏற்கத் தயங்கினர். இருபது ஆண்டுகளின்பின், 1913இல், அதற்காகவே அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரவில் 1867இல் யேம்சு தெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது முதல், இந்த மலைச்சரிவுகளின் வரலாறு நம்மவர் உழைப்பின் வரலாறாயிற்று. அந்தச் செடி ஏன் இந்த மண்ணில் இவ்வளவு செழித்தது என்பதை நம் பாடசாலைகளில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி. பி.எச். பெறுமானம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட மண்ணே அதற்கு உகந்தது. அத்தகைய மண்ணில் ஒரு தொல்லை உண்டு. மண் நடுநிலையில் இருக்கும்போது களிமண்ணோடும் ஒட்சைட்டுக்களோடும் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம், அமிலம் ஏற ஏற விடுபட்டு, மும்மடி நேரேற்றமுடைய கற்றயனாய், ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ, மண்ணீரிற் கரைந்து உலவத் தொடங்குகிறது. பெரும்பாலான பயிர்களின் வேர்நுனிகளுக்கு அது நஞ்சு. தேயிலையோ அதனை அஞ்சுவதில்லை. உள்ளே ஏற்று, புளோரைட்டு, கரிம அமிலங்கள், கற்றெக்கின் முதலிய இணையிகளால் அதனைச் சூழ்ந்து கட்டி, இலைகளிற் சேமித்து வைக்கிறது. கொழுந்திற் குறைவாகவே இருக்கும் அலுமினியம், முதிர்ந்த இலைகளில் உலர்நிறையின் நூற்றிலொரு பங்கையும் தாண்டுவதுண்டு. பிற செடிகளைக் கொல்லும் அயனுக்கு ஏற்ற துணையைக் கொடுத்து அடக்கி ஆளும் இவ்வித்தையே தேயிலையின் வெற்றி. இது இணைப்பு இரசாயனம் அன்றி வேறென்ன?

அமிலத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். அமோனியம் சல்பேற்று முதலிய உரங்கள் ஆண்டுதோறும் மண்ணை மேலும் புளிப்பாக்குகின்றன. அதனாலேயே கவ்வாத்துக் காலத்தில் டொலமைற்றுத் தூளை இடுகிறார்கள். கல்சியமும் மகனீசியமும் கலந்த இந்தக் காபனேற்றுப் பாறை திகணைப் பகுதியில் உடைத்தெடுக்கப்படுவது. அது அமிலத்தைத் தணிப்பதோடு மகனீசியத்தையும் தருகிறது. அந்த மகனீசியம் இலைப்பச்சையின் நடுவில் நான்கு நைதரசன்களின் பிடியில் அமர்ந்து, இலையைப் பச்சையாக்குகிறது. கொழுந்து தொழிற்சாலைக்குச் சென்று வாட்டி அரைத்துச் சூடேற்றப்படும்போது, இலையின் அமிலத்தன்மை மகனீசியத்தை அவ்விருக்கையினின்று வெளியேற்றிவிடுகிறது, பச்சை மறைகிறது. தேயிலைத்தூளின் கருமைக்கு அதுவும் ஒரு காரணம். லயத்திற் பிறந்த பிள்ளை தன் தாயின் கூடையிலிருந்து கிண்ணத்துக்கு வரும் வரையில் காண்பதெல்லாம் உலோக அயன்கள் துணைமாறும் நாடகமே. அந்தப் பிள்ளைக்கே இந்தப் பாடம் எட்டாக்கனியாய் இருப்பது நம் காலத்தின் பெருங்குறை.

இனி, மண்ணின் மெல்லிய அமிலத்திலிருந்து மிக வலிய அமிலத்துக்குச் செல்வோம். நம் பாடசாலை இரசாயனம் முழுவதும் நீரில் நிகழ்வது. நீர் நல்ல கரைப்பான். ஆனால் நடுநிலையான பார்வையாளன் அன்று. எந்த உலோகக் கற்றயன் வந்தாலும் ஓடிச்சென்று பற்றிக்கொள்ளும். வேறு எந்த வலிய அமிலம் வந்தாலும் அதன் புரோத்தனைத் தானே வாங்கிக்கொண்டு, அவ்வமிலத்தைத் தன் மட்டத்துக்கு இறக்கிவிடும். அதனால் நீரில் எல்லா வலிய அமிலங்களும் ஒரே வலிமையுடையனபோலத் தோன்றுகின்றன. நீரில் நிலைக்க இயலாத அயன் ஒன்று இருப்பின், நீரையே உலகம் என்று எண்ணியிருப்பவன் அந்த அயன் இல்லையென்றே முடிவு செய்வான்.

அந்த முடிவு தவறென்று காட்டியவை மீயமிலங்கள். 1927இல் கோல், கொனன்று என்னும் இருவர் இப்பெயரை ஆங்கிலத்தில் வழங்கினர். நூறு வீதச் சல்பூரிக்கமிலத்தினும் வலியது மீயமிலம் எனப் பின்னர் கில்லெசுபி வரையறை செய்தார். நீரற்ற ஐதரசன் புளோரைட்டிலோ புளோரோசல்பூரிக்கமிலத்திலோ அந்திமனி ஐம்புளோரைட்டைக் கலந்தால், சல்பூரிக்கமிலத்திலும் கோடிக்கணக்கான மடங்கு வலிய அமிலம் கிடைக்கிறது. 1966இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், யோர்சு ஓலா என்பவரின் ஆய்வுகூடத்தில், நத்தார் விருந்தில் எரிந்து எஞ்சிய மெழுகுதிரித் துண்டொன்றை ஒருவர் விளையாட்டாக அத்தகைய அமிலத்தில் இட்டார். எவ்வமிலத்திற்கும் அசையாதென எண்ணப்பட்ட மெழுகு கரைந்தது. காபன் தாங்கிய நேரேற்ற அயன்கள் அக்கரைசலில் நிலைத்து நின்றன. அந்த அயன்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1994இல் ஓலாவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அந்த அமிலத்தின் வலிமை எவ்வாறு ஓர் அயனைக் காக்கிறது? இங்கேதான் பொருளின் நுட்பம் இருக்கிறது. அமிலம் வலியதாக ஆக, அதனுள் இலத்திரனைக் கொடுக்கவல்ல மூலங்கள் அருகி விடுகின்றன. எஞ்சி நிற்கும் அன்னயனோ, ஆறு புளோரீன்கள் ஓர் அந்திமனியை இறுகத் தழுவிய பெரிய உருவம். தன்னிடமுள்ள இலத்திரனை எவருக்கும் எளிதில் ஈயாதது. ஆகவே அங்கு வரும் கற்றயனைப் பற்றிப் பிடிப்பாரும் சிதைப்பாரும் இல்லை. நீரில் ஒரு கணமும் தாங்காதது அங்கு நாட்கணக்கில் வாழ்கிறது.

எடுத்துக்காட்டுக்கள் சில தருவேன். கந்தகத்தைப் புகையும் சல்பூரிக்கமிலத்திற் கரைத்தால் நீலநிறம் தோன்றுவதை 1804ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தனர். அந்நிறம் யாரால் வருகிறதென்பது ஒன்றரை நூற்றாண்டு விளங்காதிருந்தது. கனடாவிலே கில்லெசுபியும் அவர்தம் துணைவரும், எட்டுக் கந்தக அணுக்கள் வளையமாகக் கூடி இரு நேரேற்றம் தாங்கி நிற்கும் கற்றயன் அதில் உண்டெனக் காட்டினர். கந்தகம் உலோகமன்று, உலோகங்களுக்கும் இதே கதைதான். இரசம் நீரில் இரண்டிரண்டு அணுக்களாகக் கைகோத்த அயனாக வாழும். மீயமிலத்திலோ மூன்று அணுக்கள் ஒரே வரிசையில் நிற்கும் அயனையும் பெறலாம். யுரேனியத்தின் மும்மடி நேரேற்றக் கற்றயன் நீரைத் தாக்கி ஐதரசனை வெளிவிட்டுத் தானும் மாறிவிடும் இயல்புடையது. அதுவே அமிலத்தன்மை மிக்க ஐதரசன் புளோரைட்டில் அமைதியாகக் கரைந்திருப்பதை மெல்பேண் பல்கலைக்கழகத்தில் ஓ’டொனல் என்பாரும் அவர் மாணாக்கரும் காட்டினர்.

இன்னும் வியப்பானது பொன்னின் செய்தி. செனன் வாயு எவரோடும் சேராத துறவி என நெடுங்காலம் கருதப்பட்டது. 1962இல் நீல் பாட்லெற்று அத்துறவை முதன்முதலிற் கலைத்தார். 2000ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்தில் செப்பெல்ற்றும் சைடலும் மீயமிலத்தில் பொன்னின் புளோரைட்டோடு செனனைச் சேர்த்தபோது, நான்கு செனன் அணுக்கள் சதுரமாக நின்று ஒரு பொன் கற்றயனைச் சூழ்ந்த கருஞ்சிவப்புப் பளிங்கு கிடைத்தது. மிகக் குளிர்ந்த நிலையிலேயே அது நிலைக்கும். பூச்சியத்துக்கு நாற்பது பாகை கீழே தாண்டி வெப்பம் ஏறினால் சிதைந்துவிடும். மற்றெல்லாத் துணையும் நீங்கிய பொன், துறவியையும் துணையாக ஏற்றது. அவ்வாறே, நேரேற்றமில்லா உலோகங்களையே நாடும் எனப்பட்ட காபனோரொட்சைட்டு, மீயமிலங்களில் இரும்பின் இருநேரேற்ற அயனையும் இரிடியத்தின் மும்மடி நேரேற்ற அயனையும் ஆறாறாகச் சூழ்ந்து நிற்பதை வில்னரும் ஓப்கேயும் 1990களிற் காட்டினர்.

இவையெல்லாம் மேனாட்டார் பெருமைகள்தாமே என்று எவரும் சோர வேண்டியதில்லை. கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ரே 1896இல் இரசத்தின் நைத்திரைற்று என்னும் அரிய சேர்வையைத் தயாரித்து உலகத்தார் கவனத்தை ஈர்த்தார். அவர் வழிவந்த பிரியதரஞ்சன் ரே, வெள்ளிக்கு வழக்கமல்லாத மும்மடி நேரேற்ற நிலையை, இருபைகுவனைட்டு என்னும் வலிய இணையியின் பிடியில் நிலைநிறுத்திக் காட்டினார். மீயமிலத்தாரின் வழி, தொல்லை தருவோர் அனைவரையும் விலக்கி அயனைக் காப்பது. ரேயின் வழி, விட்டகலாத நற்றுணை ஒன்றைக் கொடுத்துக் காப்பது. அரிய அயன்களை நிலைநிறுத்த இவ்விரண்டு வழிகளும் உண்டு. பின்னது வறிய ஆய்வுகூடத்திலும் இயலக்கூடியது என்பதை நம் மாணவர் உணர்தல் வேண்டும்.

இனி நம்மிடத்துச் செய்தி. ஆனந்த குமாரசுவாமி என்றவுடன் நடராசர் திருவுருவத்தின் தத்துவத்தை உலகுக்கு உரைத்த பேரறிஞரையே நினைக்கிறோம். அது தக்கதே. ஆயினும் சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான அவர், இலங்கைக் கனியப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் இயக்குநராயிருந்து, சுத்தியலும் பையுமாக இம்மலைகளில் அலைந்த விஞ்ஞானி என்பதை நம் விழா மேடைகளில் எவரும் சொல்வதில்லை. கண்டிக்கு அண்மையில் அம்பாக்கொட்டைப் பக்கத்துக் கங்காப்பிட்டியிற் கிடைத்த நீலக் கனியம் ஒன்றை அவரும் பிரித்தானிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்த பிரயரும் ஆராய்ந்து, 1903இல் ‘செரண்டிபைற்று’ எனப் பெயரிட்டனர். போரனும் கல்சியமும் மகனீசியமும் அலுமினியமும் ஒருங்கமைந்த அப்புதிய கனியம், நம் தீவின் பழம்பெயரைத் தாங்கி உலக அரும்பொருட்சாலைகளில் இருக்கிறது.

அடுத்த ஆண்டில் வந்தது அதனினும் பெரிது. சப்பிரகமுவ மணற்படுக்கைகளில் இரத்தினம் அகழ்வோரிடம் கிடைத்த கனமான கருங்கற்களை அவர் 1904இல் யுரேனியக் கனியமென எண்ணிக் குறித்தார். இலண்டனில் டன்சுரன் என்பவர் பகுத்தாராய்ந்து, அதிற் பெரும்பங்கு தோரியம் என்று கண்டு, தோரியனைற்று எனப் பெயரிட்டார். கோயில் திருவிழாக்களில் நம் தந்தையர் ஏற்றிய பெற்றோமாக்சு விளக்கின் மென்டில் ஒளிர்ந்தது இந்தத் தோரியத்தின் ஒட்சைட்டினாலேயே. அக்கல்லைச் சூடாக்கினால் ஈலியம் வெளிப்படும். அதிலிருந்து பிரித்தெடுத்த உப்பை, சேர் வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்திற்கு வந்த ஓட்டோ கான் என்னும் செருமானிய இளைஞர் கையிலெடுத்து, 1905இல் கதிர்த்தோரியம் என்னும் புதிய பொருளைக் கண்டார். பிற்காலத்தில் அணுக்கருப் பிளவைக் கண்டு நோபெல் பரிசு பெற்றவர் அவரே. அவருடைய முதற் பெருங்கண்டுபிடிப்பு இலங்கைக் கல்லிலிருந்து பிறந்தது.

தோரியத்தின் கற்றயன் நம் பாடத்துக்கும் சிறந்த உதாரணம். நான்கு நேரேற்றமும் பெரிய உருவமும் கொண்ட அதற்கு, துணைவர் பலர் வேண்டும். தோரியனைற்றுப் பளிங்கில் அதனை எட்டு ஒட்சிசன்கள் சூழ்கின்றன. நைத்திரேற்று அயன்கள் ஆறு, ஒவ்வொன்றும் இருகையாற் பற்ற, பன்னிரண்டு ஒட்சிசன்கள் சூழும் அயனும் உண்டு. 2010இல் இலினோய் பல்கலைக்கழகத்தார், பதினைந்து ஐதரசன்கள் சூழ்ந்து நிற்கும் தோரியச் சேர்வையைப் பளிங்காக்கிக் காட்டினர். வேர்ணர் எண்ணத் தொடங்கியபோது நான்கும் ஆறும் கண்டார். நம் மலைநாட்டுக் கல்லில் இருந்த உலோகம் அவ்வெண்ணிக்கையைப் பதினைந்துக்கு உயர்த்தியது.

கல் நம்முடையது, பகுப்பும் பெயரும் புகழும் பிறருடையவை. இதைச் சொல்லி ஆங்கிலேயரை ஏசுவது என் நோக்கமன்று. குமாரசுவாமிக்கு இலண்டனிற் படிக்க வாய்த்தது, அவர் கண்டார். இரத்தினக் குழியில் அக்கல்லைக் கையிலெடுத்து, பாரமான கல்லென்று வியந்தவனுக்கு எதுவும் வாய்க்கவில்லை. கண்களுக்குள் வேறுபாடு இல்லை. கற்ற கல்வியில்தான் வேறுபாடு. இன்று பேராதனையிலே பல்கலைக்கழகமும், அந்தானையிலே அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகமும் நமக்கு நடந்துசெல்லும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றின் வாயிலுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இடையே நிற்கும் சுவர் உயர்தர வகுப்பு விஞ்ஞானம். மலையகத்தில் தமிழ்மொழி மூலம் அப்பிரிவை முழுமையாக நடத்தும் பாடசாலைகள் மிகச் சில. இருக்குமிடத்தும் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருக்குமிடத்து அமிலக் குப்பி வெறுமையாய் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அப்போது பிறந்தோரின் பேரப்பிள்ளைகள் இப்போது வகுப்பறைக்கு வருகின்றனர். இன்னும் எத்தனை தலைமுறை காத்திருப்பது?

எதிர்வாதங்கள் மூன்றை எடுத்து ஆராய்தல் முறை.

முதலாவது, பயன் பற்றியது. மீயமிலமும் அரிய அயனும் வேலைவாய்ப்புத் தருமா என்பர். நேராகத் தரமாட்டா. ஆயினும் தேயிலை மண், குடிநீர், உரம், மருந்து, சாயம், மின்கலம் என்னும் அனைத்திலும் வாழ்க்கை தேடுவோர் கற்கவேண்டிய அடிப்படை ஒன்றே. உலோக அயன் எவரோடு சேர்ந்திருக்கிறது என்பதே அது. மேலும், பயன் கருதியே படிப்பவன் நீர் காட்டும் அயன்களோடு நின்றுவிடுவான். நீர் காட்டாத அயன்களும் உண்டென அறிந்தவனே புதியது தேடுவான்.

இரண்டாவது, ஆபத்துப் பற்றியது. இதில் ஐயத்துக்கு இடமில்லை. மீயமிலம் பாடசாலைக்குரியதன்று. ஐதரசன் புளோரைட்டு கண்ணாடியையும் கரைக்கும். தோலிற் பட்டால் உள்ளே ஊடுருவி உயிருக்கும் உலை வைக்கும். அதனைத் தெவ்லோன் போன்ற கலங்களில், தேர்ந்த பயிற்சியுடையோர் மட்டுமே கையாள்வர். நாம் வேண்டுவது அந்த அமிலத்தையன்று. அது கற்பித்த எண்ணத்தை. அவ்வெண்ணத்தை மயில்துத்தமும் அமோனியாவும் கற்பிக்கும். இளஞ்சிவப்பான கோபாற்று உப்பின் கரைசல், குளோரைட்டு மிகுந்ததும் நீலமாவது கற்பிக்கும். வெறுந்தேநீரில் சிறிது இரும்பு உப்பை இட்டால் மைபோலக் கறுப்பது கற்பிக்கும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பொன்னாடைக்கு ஆகும் செலவினும் குறைவு.

மூன்றாவது, மொழி பற்றியது. இத்தகைய நுண்பொருளைத் தமிழிற் சொல்ல இயலாது, ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்பார் உளர். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் வேண்டும். அதனைப் பிள்ளைகள் நன்கு கற்கத்தான் வேண்டும். ஆயினும் தமிழில் இயலாதென்பது வரலாறு அறியாதார் கூற்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீன் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலைத் தமிழில் 1875இல் வெளியிட்டார். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராய்த் தொண்டு தொடங்கிய விபுலாநந்த அடிகள், 1930களில் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். பின்னர் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. கற்றயன், அன்னயன், ஒட்சியேற்றம் முதலிய சொற்களை இன்று நம் பிள்ளைகள் தடையின்றி வழங்குகின்றனர். சொல் இருக்கிறது, சொல்லால் குறிக்கப்படும் பொருளைத்தான் அவர்கள் கண்டதில்லை. நீலத்தைக் காணாதவனுக்கு நீலம் என்னும் சொல் எந்த மொழியில் இருந்தால் என்ன?

ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: ஆய்வுகூடத்துக்கு ஒரு நிலையான நிதி வேண்டும். ஒருமுறை பொருள்கள் வாங்கித் திறப்புவிழா நடத்திப் பெயர்ப்பலகை மாட்டுவது போதாது. அமிலமும் உப்பும் தீர்ந்துபோகும் பொருள்கள். ஆண்டுதோறும் வட்டியிலிருந்து அவற்றை நிரப்பும் ஏற்பாடே பயன் தரும்.

இரண்டு: ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே பரிசோதனை செய்தல் வேண்டும். ஆசிரியர் மேசைமேற் செய்ய ஐம்பது பேர் எட்டிநின்று பார்ப்பது திருவிழாவிற் கரகம் பார்ப்பது போன்றது. மகிழ்ச்சி தரும், கல்வி தராது.

மூன்று: சனிக்கிழமைகளில் அந்த ஆய்வுகூடம் சூழவுள்ள தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் திறந்திருத்தல் வேண்டும். அந்தானை, கலகா, புசல்லாவை, மாத்தளைப் பக்கத்துப் பிள்ளைகள் வந்துபோக பேருந்துச் செலவையும் நாமே ஏற்போம். பேராதனையில் இரசாயனம் பயிலும் தமிழ் மாணவர்களைச் சிறு உதவிப்பணம் கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தலாம். இக்கல்லூரி நகரத்தார்க்கு மட்டும் உரியதென்று அதனைத் தோற்றுவித்தோர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நான்கு: சுவரோரத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதில் திகணை டொலமைற்றும், பெருங்கரியும், செம்மணிக் கல்லும், குருந்தமும், தேயிலைத் தோட்டத்து மண்ணும் பெயரெழுதி வைக்கப்படட்டும். தோரியனைற்று கதிர்வீசுவதாதலின் அதன் படமே போதும். அப்படத்தின் கீழ் ஆனந்த குமாரசுவாமியின் பெயரும் 1904 என்னும் ஆண்டும் எழுதப்படட்டும்.

உவமைகளை எல்லை கடந்து இழுப்பது எனக்கு உடன்பாடன்று. மனிதர் அயன்களல்லர், பாடசாலை சோதனைக் குழாயன்று. ஆயினும் இரசாயனம் நமக்குத் தரும் எச்சரிக்கை ஒன்றை மட்டும் குறித்து முடிக்கிறேன். நீரில் ஓர் அயன் தோன்றவில்லையெனின், அவ்வயன் இயற்கையில் இல்லையென்று சொல்வது விஞ்ஞானமாகாது. இன்ன நிலையில் அது தோன்றவில்லை என்று சொல்வதே விஞ்ஞானம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் வராது என்று நம்மவருள்ளேயே சிலர் பேசக் கேட்கிறோம். அப்பேச்சைச் சொல்வோர், அப்பிள்ளைகளுக்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் கொடுத்துப் பார்த்தபின்னரா சொல்கின்றனர்? கொடுக்காத நிலையில் கண்ட முடிவை இயல்பென்று எழுதிவைக்க நமக்கு உரிமையில்லை. கொடுத்துப் பார்க்கும் கடமையோ நமக்கு உண்டு. விழாவின் கணக்கேட்டில் முதல் வரவு எழுதப்படும் நாளிலேயே அந்தக் கடமையும் எழுதப்படுவதாக.